ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைக்கிறது: போஸ்ட்கிரெஸ் 9.3 டேட்டாபேஸ் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடிக்காரன்:
ஆத்தங்குடிப் பக்கம் நாலைந்து டைல்ஸ் பட்டறைகளுக்கு ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல், கேட்டவுடனே செய்து தர முடியாது, அதனால் இருப்பிலிருந்து வாடிக்கையாளர் பேரில் இத்தனை கல் என்று பிடித்து வைக்கும் வசதி உண்டு. முதலில் அது மெமரியில் மட்டும் இருந்தது, சர்வரை அணைத்தால் போய்விடும். முன்பணம் வாங்க ஆரம்பித்த பிறகு டேட்டாபேஸ் டேபிளில் எழுதினேன். அன்றிலிருந்து ஆறு மாதமாகத் தூக்கமில்லை. டெலிவரி ஆன கல் இன்னும் பிடித்த கணக்கிலேயே நிற்கிறது, பேக்கப்பை ஏற்றினால் ரத்தான ஆர்டர் திரும்பி வருகிறது. போஸ்ட்கிரெஸில் ஒரே வரியைப் பலர் பிடித்திருப்பதைக் குறித்து வைக்கும் மல்டிஎக்ஸாக்டிலும் இப்படித்தான் வருஷக்கணக்கில் நடந்ததாமே?

தேவகோட்டை டிபிஏ:
ரெண்டும் ஒரே கதைதான் தம்பி. 9.3க்கு முன்னால், ஃபாரின் கீ சோதனை (ஒரு டேபிள் சுட்டுகிற வரி தாய் டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது) அந்தத் தாய் டேபிளின் வரியை ஷேர் லாக்கில் பிடிக்கும், அதாவது பலர் சேர்ந்து பிடிக்கலாம், மாற்றத்தான் முடியாது, அந்த வரியில் கீக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை மாற்றக்கூட மற்றவர் காத்திருக்க வேண்டும், ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றுவிடும் டெட்லாக்கும் வரும். 2013 செப்டம்பரில் வந்த 9.3 அதைத் தளர்த்தியது. அருமையான வசதி, இன்றும் அதை நம்பித்தான் வேலை செய்கிறேன். ஆனால் வரியைப் பிடித்தவரையோ மாற்றியவரையோ குறிக்க அதன் தலையில் எக்ஸ்மேக்ஸ் என்று ஒரே ஓர் இடம்தான். பலர் பிடித்தால் அவர்கள் பட்டியலை வேறிடத்தில் எழுதி அதன் எண்ணை இங்கே வைப்பார்கள், அதுதான் மல்டிஎக்ஸாக்ட். முன்பு அதில் இருந்தது லாக் மட்டும், கிராஷ் ஆனால் தூக்கிப் போடலாம். 9.3இல் வரியை மாற்றியவரும் அதே பட்டியலுக்குள் வந்துவிட்டார். அவர் கமிட் செய்தாரா, அதாவது மாற்றத்தை உறுதி செய்தாரா என்று பிற்பாடும் பார்க்க வேண்டுமே, அதனால் கிராஷ் ஆனாலும் பட்டியலைத் தூக்கிப் போட முடியாது! அப்புறம் வேக்குவம் (பழைய வரிகளைத் துப்புரவாக்குவது), ரேப்பரவுண்ட் (எண்கள் தீர்ந்து முதலிலிருந்து சுற்றி வருவது), பிஜி_அப்கிரேட் (பதிப்பு மாற்றும் கருவி) என்று வரிசையாகப் பழுது. ரேப்பரவுண்டுக்குப் போட்ட பாதுகாப்பே, கிராஷுக்குப் பிறகு சர்வர் எழுந்திருக்கும் நேரத்தில் தானும் ஓட வேண்டிவரும் என்பதை எண்ணாமல் எழுதப்பட்டிருந்தது, சில சர்வர்கள் ஸ்டார்ட்டே ஆகவில்லை, 2015 ஜூன் 12இல் 9.3.9 வந்துதான் அது தீர்ந்தது.

கானாடுகாத்தான் வாசி:
எங்கள் அப்பா கொத்தனார். கல்யாணத்துக்கு வளவில் பந்தல் போட்டால் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை, நாலு நாளில் பிரித்துவிடுவோம். அதையே ஓட்டுக் கூரையாக மாற்றினால் சரிவு, தண்ணீர்ப் போக்கு, பக்கத்துச் சுவர் எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பார். நீங்கள் பழுதைத் துரத்த வேண்டாம் அண்ணே. "இது ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும்" என்று நம்பி எழுதிய புரோகிராம் கோடு எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

காரைக்குடிக்காரன்:
நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன், ஏழு இடம் அகப்பட்டது. டெலிவரி பில் போடும்போது பிடிப்பை விடுவிக்கிற கோடே நான் எழுதவில்லை, தினமும் சர்வரை அணைத்ததால் அது தெரியவே இல்லை. பேக்கப் இன்னும் பார்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, அன்றைக்கு ஒரு பழைய பேக்கப்பை ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.