மாஸ்டரிங்குக்குப் பின் பல்லவி எழும்பவில்லை: குறை லிமிட்டரிலா, மிக்ஸிலா?

சுருதிப்பெட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். குரல், பியானோ, பேஸ் கிட்டார், டிரம்ஸ் ஆகியவை கொண்ட ஒரு பாடலை மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனிப் பதிவுகளைச் சமன்படுத்திக் கலந்து, முடித்திருக்கிறேன். சரணத்தில் குரலும் பியானோவும் அடக்கமாக ஒலிக்க வேண்டும், பல்லவியில் டிரம்ஸ் நுழையும்போது பாட்டு விரிந்து எழ வேண்டும் என்பதே நோக்கம். மிக்ஸில் அது அப்படியே கேட்கிறது. ஆனால், வெளியான மற்றப் பாடல்களின் உரப்பை எட்டுவதற்காக மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கான இறுதிப் பதிப்பை உருவாக்கும் கட்டத்தில்), பாட்டு முழுவதும் கடந்து செல்லும் மாஸ்டர் சேனலில் ஒரு கம்ப்ரெசரையும் (உரத்த, தாழ்ந்த ஒலிகளின் இடைவெளியைக் குறுக்கும் கருவி) அதற்குப் பின் ஒரு லிமிட்டரையும் (உச்சங்கள் ஒரு வரம்பைத் தாண்டாமல் வெட்டும் கருவி) சேர்த்தவுடன், இரண்டு பகுதிகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன, ஸ்னேர் டிரம் அடியின் முனை மழுங்கிவிடுகிறது, சற்று நேரம் கேட்டாலே காது களைத்துப் போகிறது. இத்தனை அழுத்திய பிறகும் ஸ்ட்ரீமிங் தளத்தில் ஏற்றிக் கேட்டால் மற்றப் பாடல்களின் அருகில் இது சிறுத்தே ஒலிக்கிறது.

அளவீடுகளைத் தருகிறேன். மிக்ஸில் முழுப் பாடலின் சராசரி உரப்பு -20 எல்யூஎஃப்எஸ் (உரப்பின் அலகு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஒலி உரக்கும்), சரணம் -24, பல்லவி -18, உச்சம் -6 டெசிபல். மாஸ்டரில் சராசரி -8.4, சரணம் -10.5, பல்லவி -7. லிமிட்டரின் மேல்வரம்பை -0.1 என்று வைத்தும் ட்ரூ பீக் (ஒலியலையின் உண்மையான உச்சம்) +0.8 என்று காட்டுகிறது. எந்தக் கருவியின் எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மௌனமானி (மறுமொழி)

வணக்கம் நண்பரே. அளவீடுகளோடு கேட்டதால் உங்கள் கேள்விக்கு உங்கள் எண்களைக் கொண்டே விடை சொல்ல முடிகிறது.

ஸ்பாட்டிஃபை தன் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு பாடலையும் -14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கிறது. யூடியூபும் ஏறக்குறைய அதே அளவுக்கு, உரத்த பாடல்களைத் தாழ்த்துகிறது. ஆகவே உங்கள் -8.4 மாஸ்டர் அங்கே 5.6 டெசிபல் இறக்கப்படுகிறது. இறக்கிய பின் சரணம் -16.1, பல்லவி -12.6, டிரம்ஸின் உச்சம் -5.7 என்று ஆகிறது. இப்போது கம்ப்ரெசரும் லிமிட்டரும் இல்லாமல் உங்கள் மிக்ஸை வெறுமனே 5 டெசிபல் உயர்த்தினால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள்: சராசரி -15, சரணம் -19, பல்லவி -13, உச்சம் -1. பல்லவியின் உரப்பில் அரை டெசிபல்கூட வேறுபாடு இல்லை. ஆனால் டிரம்ஸ் அடிக்கு ஏறத்தாழ 5 டெசிபல் கூடுதல் உயரம் கிடைக்கிறது, சரணத்திலிருந்து பல்லவிக்கு ஏறும் படி 3.5 ஆகக் குறுகாமல் முழு 6 ஆகவே நிற்கிறது. நீங்கள் சிறுத்துவிட்டது என்று கேட்டது இதைத்தான். லிமிட்டர் கொடுத்த உரப்பைத் தளம் திரும்ப எடுத்துக்கொள்கிறது, லிமிட்டர் வெட்டிய முனைகளை மட்டும் எவரும் திருப்பித் தருவதில்லை.

அடுத்தது ட்ரூ பீக். டிஜிட்டல் மாதிரிகள் (ஒலியலையை இடைவிட்டு அளந்து பதித்த எண்கள்) வரம்புக்குள் இருந்தாலும், ஒலிக்கும்போது அவற்றுக்கிடையே மீண்டும் உருவாகும் அலை வரம்பைத் தாண்டலாம். எம்பி3 போன்ற சுருக்க வடிவங்களுக்கு மாற்றும்போது அது இன்னும் கூடும். மேல்வரம்பை ட்ரூ பீக் முறையில் -1 என்று வையுங்கள். -14ஐ விட உரத்த மாஸ்டராக இருந்தால் -2 வைக்கும்படி ஸ்பாட்டிஃபையே பரிந்துரைக்கிறது.

மற்றப் பாடல்கள் ஏன் பெரிதாக ஒலிக்கின்றன என்பதற்கான காரணம் பெரும்பாலும் மாஸ்டரிங்கில் இல்லை, மிக்ஸில் இருக்கிறது. உரப்பை அளக்க உலகெங்கும் பயன்படும், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியூ பிஎஸ் 1770 முறை, 2006இல் வெளியானது, மனிதச் செவியைப் பின்பற்றி மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தும், 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை ஏறத்தாழ 4 டெசிபல் கூட்டியும் கணக்கிடுகிறது. கிக் டிரம்மும் பேஸும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டு கீழே குவிந்தால், அவை உச்சத்துக்கான இடம் முழுவதையும் விழுங்கிவிடும், ஆனால் காதுக்கோ மீட்டருக்கோ உரப்பாகத் தோன்றா. எனவே முதலில் பியானோவின் தேவையற்ற அடிப்பகுதியை ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி) குறையுங்கள். கிக் அடிக்கும் கணத்தில் பேஸைச் சற்றே தாழ்த்துங்கள். பிறகு ஸ்னேரை அதன் சொந்தச் சேனலிலேயே ஒழுங்குபடுத்துங்கள்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். லிமிட்டரைப் போட்டும் நீக்கியும் ஒப்பிடும்போது இரண்டின் உரப்பையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். ஒலி மட்டம் மாறினால் தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களைச் செவி உணரும் விகிதமே மாறும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே காட்டிவிட்டார்கள். ஒரு டெசிபல் உரத்தாலே அது தெளிவாகவும் நிறைவாகவும் தோன்றும். அந்த மயக்கத்தில்தான் பலரும் மேலும் மேலும் அழுத்துகிறார்கள்.

கார்ப்பயணி (மறுமொழி)

மேலே சொல்லப்பட்ட கணக்குச் சரியானது. ஆனால் எல்லா இடத்திலும் உரப்புச் சமன் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. கேட்பவர் அதை அணைத்து வைத்திருக்கலாம், கோப்பாகவே இறக்கிக் கேட்கலாம். அங்கெல்லாம் -15 மாஸ்டர் பக்கத்துப் பாடலைவிடத் தாழ்ந்துதான் ஒலிக்கும். இசைக்குழுவினர் உடனே உங்களிடம்தான் காரணம் கேட்பார்கள். தவிர, கனத்த ராக், நடன இசை போன்றவற்றில் அழுத்தமே அழகின் பகுதியாக இருப்பதும் உண்டு.

மௌனமானி (மறுமொழி)

ஏற்றுக்கொள்கிறேன், -14 என்பது ஒரு சட்டமன்று. அந்த எண்ணைக் குறிவைத்து மாஸ்டர் செய்ய வேண்டியதும் இல்லை; பாடல் சிதையத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தினால் போதும், அது -13 ஆனாலும் -10 ஆனாலும். மெட்டாலிக்கா என்ற ராக் குழுவின், அழுத்தத்துக்குப் பேர்போன 2008 ஆல்பமான 'டெத் மேக்னெட்டிக்' பற்றி நினைவிருக்கும். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டில் அத்தனை அழுத்தமின்றி வெளிவந்தபோது, அந்த இசையின் ரசிகர்களே விளையாட்டுப் பதிப்பு மேல் என்றார்கள், மறு மாஸ்டரிங் கோரிக் கையொப்பமும் திரட்டினார்கள். கனத்த இசைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பழைய தகடு (மறுமொழி)

நான் இசை அமைப்பவன் அல்லன், கேட்பவன். ஏற்கெனவே இப்படி அழுத்தி வெளியான குறுந்தகட்டை எக்ஸ்பேண்டர் (ஒலி மட்ட இடைவெளியை விரிக்கும் கருவி) கொண்டு பழைய நிலைக்கு மீட்க முடியுமா? அதே ஆல்பத்தின் வினைல் இசைத்தட்டிலிருந்து பதிந்த கோப்பு, உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் மீட்டரில் நல்ல எண் காட்டுகிறதே?

மௌனமானி (மறுமொழி)

ஐயா, வெட்டப்பட்ட முனை எவ்வளவு உயரமாக இருந்தது என்ற தகவலே கோப்பில் இல்லாததால், மென்பொருள் அதை ஊகிக்கத்தான் முடியும், மீட்க முடியாது. வினைல் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே மாஸ்டரை வினைலில் வெட்டி மீண்டும் பதிவு செய்தாலே அலையின் வடிவம் மாறி உச்சங்கள் உயர்ந்து தெரியும், மீட்டர் கூடுதல் எண் காட்டும். அந்த ஆல்பத்தின் முந்தைய குறுந்தகட்டுப் பதிப்பு இருந்தால் அதைத் தேடிக் கேட்பதே நல்ல வழி.

சுருதிப்பெட்டி (மறுமொழி)

அனைவருக்கும் மிக்க நன்றி. மாஸ்டர் சேனலிலிருந்த கம்ப்ரெசரை முழுவதும் நீக்கிவிட்டு, பியானோவையும் பேஸையும் மிக்ஸில் ஒழுங்குபடுத்தினேன். இப்போது சராசரி -13.5, சரணம் -17.5, பல்லவி -11.5, மேல்வரம்பு -1 ட்ரூ பீக், லிமிட்டர் உரத்த அடிகளில் மட்டும் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் வெட்டுகிறது. பல்லவி எழுகிறது, ஸ்னேர் மீண்டும் ஸ்னேராகக் கேட்கிறது. ஒரே குறை, கைப்பேசி ஒலிபெருக்கியில் சரணத்தின் பியானோ அமிழ்ந்துவிடுகிறது.

மௌனமானி (மறுமொழி)

அதற்காக மீண்டும் கம்ப்ரெசரிடம் போக வேண்டாம். சிறிய ஒலிபெருக்கி பியானோவின் அடிச்சுரங்களைத் தரவே இயலாது. ஆகவே அதன் நடு அதிர்வெண்களை ஓரிரு டெசிபல் உயர்த்துங்கள். போதவில்லையானால் சரணம் முழுவதையும் ஆட்டோமேஷனில் (ஒலி மட்டத்தை இடத்துக்கு இடம் தானாக மாற்றும் வசதி) ஒரு டெசிபல் ஏற்றி, பல்லவிக்கு முந்தைய இரண்டு வரிகளில் காதுக்குப் புலப்படாதவாறு மெல்ல இறக்குங்கள். பல்லவி எங்கிருந்து எழுகிறது என்பதைச் செவி அந்த இரண்டு வரிகளைக் கொண்டுதான் அளக்கும். சரணம் தெளிவாகும், ஏறும் படியும் குறையாது.