மறுமொழி: டி வகைப் பெருக்கியில் ‘டெட் டைம்’: ‘ஈரோய்வு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஒலியைப் பெருக்கும் டி வகைப் பெருக்கியில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் அணைந்திருக்கும் சிறு இடைவெளியை ஆங்கிலத்தில் ‘டெட் டைம்’ (dead time) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘இறந்த நேரம்’ என்றே வைத்துவிடலாம். பார்த்ததும் புரியும்.

பார்த்ததும் தப்பாகப் புரியும் என்பதுதான் என் தயக்கம், ஐயா. பேச்சில் ‘செத்த நேரம் இரு’ என்றால் கொஞ்ச நேரம் என்று பொருள். நாம் பேசுவது நானோநொடிக் கணக்கு என்பதால் அந்தச் ‘செத்த’ கூட இங்கே ஓரளவு பொருந்தும்! ‘இறந்த’ பொருந்தாது.

டி வகைப் பெருக்கியின் கடைசிக் கட்டத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் மேலும் கீழுமாக இருக்கின்றன. நொடிக்குச் சில லட்சம் முறை அவை சாவிகளைப் போல (switch) மாறி மாறி இயங்குகின்றன. இரண்டும் ஒரே கணத்தில் கடத்தினால் மின்வழங்கிக்குக் குறுக்குச்சுற்று ஏற்படும், இரண்டும் புகைந்துவிடும். அதனால் ஒன்றை அணைத்து, அது முழுக்க அணையும்வரை பொறுத்து, பிறகே மற்றதை இயக்குகிறோம். அந்த இடைவெளிக்குத்தான் பெயர் தேடுகிறோம். அப்போது எதுவும் சாவதில்லை. வெளியீட்டு வடிகட்டியின் மின்தூண்டியில் (கம்பிச்சுருளில்) ஓடும் மின்னோட்டம் நிற்க மறுக்கும், எப்படியாவது ஒரு வழி கண்டுபிடித்து ஓடிக்கொண்டே இருக்கும்.

(டி என்பதை ‘டிஜிட்டல்’ என்று எடுத்துக்கொண்டு ‘எண்மப் பெருக்கி’ என்று சிலர் எழுதுவதையும் இங்கேயே நிறுத்திவிடலாம். ஏ, பி, சி-க்கு அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான். பிரிட்டனில் சின்கிளேர் 1964-இல் எக்ஸ்-10 என்ற பெயரில் டி வகைப் பெருக்கியை விற்றபோது அதில் எண்மம் எதுவும் இல்லை.)

> ‘செயலறு நேரம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே?

கதிரியக்கத்தை அளக்கும் கெய்கர் எண்ணிக்கு அது மிகப் பொருத்தம். ஒரு துகளைப் பதிந்த பிறகு அந்தக் கருவி சிறிது நேரம் அடுத்த துகளை உணராது, உண்மையிலேயே செயலற்றுக் கிடக்கும். அது கருவியின் குறை. பெருக்கியிலோ நாமே வேண்டுமென்று விடுகிற இடைவெளி. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருந்தால் நமக்கும் ஒரே பெயர் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

> ‘டையோடு கடத்தும் நேரம்’ என்று விளக்கமாகவே சொல்லலாமா?

இங்கேதான் பழைய நுட்பமும் புதியதும் பிரிகின்றன. வழக்கமாகப் பயன்படும் டிரான்சிஸ்டரான சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் உள்ளேயே ஒரு டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) இருக்கிறது. டிரான்சிஸ்டரை இயக்கும் முனைக்கு வாயில் (gate) என்று பெயர். இரண்டு வாயில்களும் அணைந்திருக்கும்போது மின்னோட்டம் அதன் வழியே போகும். எதிரே உள்ள டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும்போது அந்த டையோடு உடனே அடங்காது. அதில் தேங்கிய மின்னூட்டம் வடியும்வரை தலைகீழாகக் கடத்தும், அதனால் வெப்பமும் இரைச்சலும் உண்டாகும். சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியால் செய்த புதிய டிரான்சிஸ்டரில் இப்படி ஓர் உள்ளுறை டையோடு கிடையாது, வடிந்தாக வேண்டிய தேக்கமும் இல்லை. வாயில் அணைந்த நிலையிலும் தலைகீழ் மின்னோட்டத்தை அதன் உள்தடமே (channel) சுமக்கும். ஆனால் இலவசமாக இல்லை. சிலிக்கான் டையோடில் சுமார் 1 வோல்ட் இழப்பு என்றால் இதில் 2 வோல்ட் அளவுக்குப் போகும். ஆகவே ‘டையோடு’ என்று பெயரில் வைத்தால் சொல் புதிய நுட்பத்துக்கு உதவாது. ஃபோன் சார்ஜர் வரை காலியம் நைட்ரைடு வந்துவிட்ட காலத்தில் இது சிறு குறை அல்ல.

> ‘ஈரணைவு’ எப்படி?

அழகான சொல். ஆனால் வேதியியலார் அணைவுச் சேர்மம், அணைவு எண் என்று அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என் பரிந்துரை: ஈரோய்வு. இரண்டுக்கும் ஓய்வு. யாருக்கு என்பதை வரையறையில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். “இணைச்சாவிகளின் இரு வாயில்களுக்கும் இயக்கும் மின்னழுத்தம் தரப்படாத இடைவெளி.” (இணைச்சாவிகள் என்பவை மேலும் கீழுமாக உள்ள அந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள்.) ஓய்வது வாயில்கள்தான், மின்னோட்டம் அல்ல. இப்படிச் சொன்னால் சிலிக்கானுக்கும் பொருந்தும், காலியம் நைட்ரைடுக்கும் பொருந்தும், மோட்டார் ஓட்டும் இன்வெர்ட்டருக்கும் பொருந்தும்.

கூட்டுச்சொல்லில் போட்டுப் பார்த்தேன். ‘ஈரோய்வுத் திரிபு’ (இந்த இடைவெளியால் ஒலி அலையின் வடிவம் கெடுவது) நன்றாகவே நிற்கிறது. பெருக்கி 400 கிலோஹெர்ட்சில் இயங்கினால் ஒரு சுற்று 2,500 நானோநொடி. சுற்றுக்கு இரண்டு ஈரோய்வு, ஒவ்வொன்றும் 25 நானோநொடி என்றால் சுற்றில் 2 விழுக்காடு நம் கட்டுப்பாட்டில் இல்லை. அந்த நேரத்தில் வெளியீட்டின் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தின் திசை தீர்மானிக்கிறது. ஒலி மெல்லியதாக இருக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறுவதால் பிழை பெரும்பாலும் தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ளும். ஒலி உயர்ந்து மின்னோட்டம், சாவிகள் மாறுவதால் அதில் எழும் சிற்றலையை (ripple) மீறியதும் துடிப்பின் அகலம் ஒரே பக்கமாக நகரும், திரிபு தலைகாட்டும். வாயில் மின்னூட்டம் குறைந்த காலியம் நைட்ரைடில் ஈரோய்வை 5 நானோநொடிக்குக் குறைத்தால் அந்த 2 விழுக்காடு 0.4 ஆகிவிடும்.

இதை வைத்து ‘சிலிக்கான் ஒழிந்தது’ என்று எழுத வேண்டாம். ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர், பியூரிஃபை நிறுவனத்தின் ஐகன்டாக்ட் ஆகிய இரண்டு டி வகைப் பெருக்கிகளும் சிலிக்கானை வைத்துக்கொண்டே, வலுவான பின்னூட்டத்தால் (வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் திருத்துவதால்) திரிபை மிகமிகக் குறைத்தவை. காலியம் நைட்ரைடின் வேகமும் தன் பங்குக்குத் தொல்லை தரும். சுற்றுப்பலகையில் செப்புத் தடங்கள் கொஞ்சம் நீண்டாலும் அலைவு கிளம்பி வாயிலைக் கெடுக்கும், அந்த வாயில் தாங்குவதும் பலவகைகளில் 6, 7 வோல்ட்தான்.

அப்புறம், ஈரோய்வு போதாமல் இரண்டும் சேர்ந்து கடத்திவிடும் விபத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ‘குறுக்குப்பாய்வு’ என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன். நீரியலில் அதே சொல் வேறு பொருளில் இருக்குமோ என்று சந்தேகம். அத்துறையினர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.