அப்புச்சி கேமராவில் ஆட்டம்

குழு: காங்கேயம் தோட்டத்துச் சொந்தம்

வியாழன்

கார்த்தி, காலை 8:10
[மூன்று படங்கள்]
அப்புச்சியின் பென்டாக்ஸ் கே1000-இல் போட்ட ரோல் கழுவி வந்துவிட்டது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எடுத்தது. 36-இல் ஒன்றுகூடத் தேறவில்லை. காளையின் திமில் பளிச்சென்று இருக்கிறது, மூஞ்சி கலங்கிப் போயிருக்கிறது. கழுவிய இடத்தில் கெடுத்துவிட்டார்களோ?

சாந்தி அத்தை, 8:14
மயிலைக் காளை என்ன அழகு! கலங்கினாலும் பரவாயில்லை கண்ணு.

மணி மாமா, 8:31
கழுவும்போது கெட்டால் கறை தெரியும், கோடு விழும். எல்லாப் படத்திலும் ஒரே பக்கம் கலங்கினால் லென்ஸ் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். லென்ஸைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார் மாப்பிள்ளை. திருகுகிற திசையில் துளி அசைந்தால் அது பூட்டு ஊசிக்கு விட்ட இடைவெளி, விட்டுவிடு. மேலும் கீழும் தலையாட்டுகிறதா?

கார்த்தி, 8:36
ஆட்டுகிறது மாமா. வலப்பக்கம் ஒரு தாள் நுழையும் போல.

மணி மாமா, 8:38
அப்புச்சியிடம் நீள லென்ஸ் ஒன்று இருக்குமே, அதை மாட்டிப் பார். அதுவும் ஆடினால் கோளாறு பாடியில். ஆடாவிட்டால் முதல் லென்ஸின் பின்வளையத்தில்.

கார்த்தி, 8:52
அதுவும் ஆடுகிறது. கழற்றிப் பார்த்தேன், பாடி வளையத்தில் ஒரு ஸ்குரூவைக் காணோம். பக்கத்தில் இருப்பது எழும்பி நிற்கிறது. வீட்டு ஸ்டார் திருப்புளியில் முடுக்கிவிடட்டுமா?

மணி மாமா, 8:53
கை வைக்காதே!!

மணி மாமா, 9:05
டீ குடித்துவிட்டு வந்தேன். அது ஜப்பானில் செய்தது. அந்த ஸ்குரூ தலையில் இருக்கிற குழி நம் ஸ்டார் மாதிரியேதான் தெரியும், ஆனால் ஜேஐஎஸ் என்று ஜப்பான்காரர்களின் தனி அளவு. நம் திருப்புளி அடிவரை இறங்காது. கொஞ்சம் அழுத்தித் திருகினால் வழுக்கிக்கொண்டு மேலே வந்து தலையைத் தின்றுவிடும். பட்டறையில் ஒரு முனையை எண்ணெய்க்கல்லில் தேய்த்து மட்டமாக்கி வைத்திருக்கிறேன், அது சரியாக உட்காரும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வா.

அம்மா, 9:20
ஏனுங்கண்ணா, ஒரு ஸ்குரூவுக்கு இத்தனை அக்கப்போரா? ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் ஆகாதா?

மணி மாமா, 9:24
அம்மணி, அந்தப் பக்கமே போகாதே. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். டேப் சுற்றுகிறேன் என்றும் கிளம்ப வேண்டாம். அந்த வளையத்தின் முகத்திலிருந்து ஃபிலிம் வரைக்கும் 45.46 மில்லிமீட்டர். ஒரு பக்கம் தாள் கனம் தூக்கினாலே போச்சு. லேத்தில் கடைய வேண்டிய ஜாப்பைக் கோணலாகப் பிடித்துவிட்டு டூலைக் குறை சொல்கிற கதைதான். நடுவில் பார்த்து ஃபோகஸ் வைக்கிறோம், அதனால் ஓரம் போனது எடுக்கும்போது கண்ணில் படாது.
காணாமல் போன ஸ்குரூ அதே நீளத்தில் வேண்டும். நீளமாக இருந்தால் அடியில் முட்டி நின்றுவிடும், வளையத்தை இறுக்காது. கேமரா பையைத் தேடு.

கார்த்தி, 9:40
உதறியே பார்த்துவிட்டேன். இல்லை.

சாந்தி அத்தை, 9:43
பொறுங்க. அம்மிச்சி பெட்டியில் ஃபிலிம் டப்பா ஏழெட்டு இருக்கிறது.

சாந்தி அத்தை, 10:15
ஒன்றில் வசம்பு. ஒன்றில் ஜாக்கெட் கொக்கி. ஒன்றில் 25 பைசாக்கள். ஒன்றில் காலண்டர் தாளில் மடித்து ஒரு பொடி ஸ்குரூ!
[படம்]
"தொலைச்சுப் போடாதேன்னு குடுத்தாரு. அப்புறம் அவரும் கேக்கல, நானும் சொல்லல" என்கிறார்கள் அம்மிச்சி.

மணி மாமா, 10:19
அதேதான். தலைகூடச் சிதையவில்லை.

ஞாயிறு

கார்த்தி, மாலை 3:50
முடிந்தது. உள்ளே ஸ்குரூ விழுந்தால் ஷட்டர் துணியைக் கிழித்துவிடுமாம், அதனால் முதலில் மிரருக்கு முன்னால் மெல்லிய தாளைச் சுருட்டி வைத்தார் மாமா, மிரரில் படாமல். ஸ்குரூவை முதலில் இடப்பக்கமாகத் திருப்பினார். டக் என்று மரையில் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வலப்பக்கம். எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாக எல்லாவற்றையும் இறுக்கினார். கடைசியில் ஊசி முனையில் நெயில் பாலிஷ் தொட்டு ஒவ்வொரு தலை ஓரத்திலும் வைத்தார். ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது.

அம்மா, 3:55
யார் நெயில் பாலிஷ்?

சாந்தி அத்தை, 3:56
என்னுடையதுதான். இப்போது கேமராவுக்கு ரோஸ் பொட்டு.

மணி மாமா, 4:02
திரும்பவும் ஆடினால் வளையத்துக்கு உள்ளே இருக்கும் தகட்டு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதற்கு வளையத்தையே கழற்ற வேண்டும், வெளிச்சம் அளக்கிற மீட்டருக்குப் போகிற இணைப்பும் அங்கேதான். அது என் வேலை இல்லை, கேமரா மெக்கானிக் வேலை. அடுத்த ரோலில் முதல் நாலு படம் செங்கல் சுவரை நேர் எதிரே நின்று, அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துளையை, முழுதாகத் திறந்து எடு. நாலு மூலையும் ஒன்றுபோல வருகிறதா பார்க்கலாம்.

சாந்தி அத்தை, 4:06
சுவர் இருக்கட்டும். அம்மிச்சி சேலை மாற்றிக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தாயிற்று.

கார்த்தி, 4:07
அம்மா, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ரோல் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வர முடியுமா?

அம்மா, 4:09
திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். வெயில் இறங்கிவிடும். நாளைக் காலை வருகிறேன், சேலையை மடித்து வைக்கச் சொல்.

சாந்தி அத்தை, 4:12
சொன்னேன். மாற்ற மாட்டார்களாம்.