வெளியூர்ல இருந்து வர்ற டீச்சர், கடக்கரைப் பசங்க: எப்படிப் புரிஞ்சுக்கிறது?

அறிவியல் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை, சொந்த ஊரு காரைக்குடி பக்கம், மாறுதல்ல மண்டபம் பக்கத்துல ஒரு கடலோர அரசுப் பள்ளிக்கு வந்திருக்கேன். எட்டாவது ஒம்பதாவது எடுக்குறேன், கிளாஸ்ல பாதிக்கு மேல மீனவர் வீட்டுப் பிள்ளைங்க. பொண்ணுங்க சீக்கிரமே ஒட்டிக்கிட்டாங்க, பசங்க தான் தூரமாவே நிக்கிறாங்க. கேள்வி கேட்டா கத்தி பதில் சொல்றாங்க, இல்லன்னா வாயே திறக்க மாட்டேங்குறாங்க, திங்கக்கிழமை வந்தவன் செவ்வாக்கிழமை வரமாட்டான், வந்தாலும் ரெண்டாவது பீரியட்லயே பெஞ்சுல தலைய சாச்சுடுறான். ஸ்டாஃப் ரூம்ல கேட்டா "கடக்கரைப் பசங்க அப்படித்தான் டீச்சர், மீசை மொளைச்சா மீன் பிடிக்க போட்டுக்குப் போயிருவானுங்க, நீங்க எதுக்கு மெனக்கெடுறீங்க"ன்னு சொல்றாங்க. என்னால அத ஏத்துக்க முடியல.

இத யோசிச்சுக்கிட்டே தேடும்போது அமெரிக்காவுல வெள்ளைக்கார டீச்சர்கள், கறுப்பினப் பசங்கன்னு இதே மாதிரி ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுறது தெரிஞ்சுச்சு. அங்க அரசுப் பள்ளி ஆசிரியர்கள்ல நூத்துக்கு எண்பது பேரு வெள்ளைக்காரங்க, முக்கால்வாசிக்கு மேல பெண்கள், கறுப்பின ஆம்பள வாத்தியாருங்க நூத்துக்கு ரெண்டு பேரு கூட இல்ல. அப்போ ஒரு பையன் பள்ளிக்கூடத்தையே முடிச்சுட்டு வெளிய வர்ற வரைக்கும் தன் தெருவுல இருந்து வந்த ஒரு வாத்தியார பாக்காமலே போகலாம். எங்க ஸ்கூல்லயும் மீனவக் குடும்பத்துல பொறந்த ஆசிரியர் ஒருத்தர் கூட கிடையாது. கடக்கரையில பொறந்து வளந்தவங்க, அமெரிக்காவுல ஸ்கூல்ல வேலை பாக்குறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. பொதுவா அன்பா இருங்கன்னு சொல்லாதீங்க, கிளாஸ்ல நான் எத மாத்தணும்னு சொல்லுங்க.

பாம்பன்காரன்

டீச்சர், நான் பாம்பன், அப்பா விசைப்படகுல போனவரு, நான் இப்ப ராம்நாட்டுல வக்கீலா இருக்கேன். உங்க பதிவுலயே பாதி பதில் இருக்கு. திங்கள் வந்தவன் செவ்வாய் வரமாட்டான்னு சொல்றீங்கல்ல, ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி தான் கடலுக்குப் போகும், மறுநாள் காலைல கரைக்கு வரும். வர்ற அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே மீன் இறக்கணும், தரம் பிரிக்கணும், ஐஸ் போடணும், வீட்டுல ஆள் கம்மியா இருந்தா பையனத்தான் எழுப்புவாங்க. அட்டெண்டன்ஸ எடுத்து செவ்வாய் வியாழன் மட்டும் தனியா பாருங்க, சோம்பேறின்னு சொல்ற பையன் எப்பெப்ப லீவுன்னு தெரிஞ்சுரும். முக்கியமான பாடத்தையும் டெஸ்ட்டையும் திங்கள், புதன், வெள்ளிக்கு மாத்துங்க, அதுக்கு யாருகிட்டயும் அனுமதி வாங்க வேண்டியதில்ல.

ரெண்டாவது, தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, அரசாங்கம் குடுக்குற நிவாரணம் குடும்பத்துக்கு 8000 ரூபா, அத வச்சு ரெண்டு மாசம் ஓட்ட முடியாது, கடன் வாங்கித்தான் ஆகணும். ஜூன்ல ஸ்கூல் திறக்கும், அதே ஜூன் பாதியில போட்டும் இறங்கும், ரெண்டு மாசக் கடன அடைக்குற நேரமும் அது தான். புது வகுப்பு ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே ரெண்டு வாரம் பையன் காணாமப் போறது இதனால தான், அந்த ரெண்டு வாரத்துலயே "இவன் இப்படித்தான்"னு முத்திரை விழுந்துருச்சுன்னா வருஷம் முழுக்க அவன் அதத் தூக்கிட்டு அலையணும்.

சத்தம் பத்தி சொன்னீங்க. இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போது முன்னாடி நிக்கிறவன் பின்னாடி இருக்குறவன்கிட்ட பேசணும்னா கத்தித்தான் ஆகணும், அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளயும் வரும், தெருவுக்கும் வரும். எங்க வீட்டுல பாசமா பேசுறதே உங்களுக்கு சண்ட மாதிரி தெரியும். அவன் உங்கள எதுத்துப் பேசல டீச்சர், கேக்கணும்னு பேசுறான்.

இன்னொன்னு, மனசு கனமாத்தான் சொல்றேன். தினமும் கிளாஸுக்குள்ள போறதுக்கு முன்னாடி உள்ளூர் செய்தியப் பாத்துட்டுப் போங்க. இலங்கை கடற்படை இத்தனை மீனவர்களைப் பிடிச்சுச்சுன்னு ஒரு வரி தான் வரும். அந்த ஒரு வரி உங்க மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கும். அப்பா யாழ்ப்பாணத்துல ஜெயில்ல, போட்டு திரும்பி வருமான்னே தெரியல, கடன் கொடுத்தவன் வாசல்ல நிக்கிறான். அன்னைக்கு அவன் பக்கத்துல இருக்குறவன அடிச்சா ஏன் அடிச்சேன்னு கேக்காதீங்க, வீட்டுக்குப் ஃபோன் வந்துச்சான்னு கேளுங்க.

பாடத்துக்கு வந்தா, பருவக்காத்து நடத்தும்போது சாக்பீஸ அவனுங்க கையில குடுத்துப் பாருங்க. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எப்ப அடிக்கும், வடகடல் கொந்தளிச்சா நாட்டுப்படகு ஏன் தென்கடலுக்கு மாறுதுன்னு அவனுங்க சொல்லட்டும், நீங்க அதுக்கு மேல காத்தழுத்தத்த வச்சுக் கட்டுங்க.

கீழக்கரை டு ஹூஸ்டன்

அக்கா, நான் கீழக்கரை, கல்யாணத்துக்கு அப்புறம் ஹூஸ்டன்ல செட்டில், இங்க அரசு நடுநிலைப் பள்ளியில கணக்கு எடுக்குறேன். முதல்லயே ஒன்னு சொல்லிடுறேன், ரெண்டையும் ஒன்னுன்னு எடுத்துக்காதீங்க. இங்க கறுப்பினப் பசங்களுக்குப் பின்னாடி அடிமை முறை இருக்கு, தனித்தனி பள்ளிக்கூடச் சட்டம் இருக்கு, போலீஸ் நிறுத்தினா கை ரெண்டும் தெரியுற மாதிரி வச்சுக்கணும்னு அம்மாக்கள் சின்ன வயசுலயே மகனுக்குச் சொல்லிக் குடுக்குற நிலைமை இருக்கு. அது நம்ம ஊரு கதை இல்ல. ஆனா டீச்சரோட கண்ணு எப்படி வேலை செய்யுதுங்குறதுல இங்க நடந்த ஆராய்ச்சி நமக்கும் உதவும்.

2016ல யேல் பல்கலைக்கழகத்துல வால்டர் கில்லியம் குழு ஒன்னு செஞ்சாங்க. மழலைப் பள்ளி ஆசிரியர்கள்கிட்ட பிள்ளைங்க விளையாடுற வீடியோவப் போட்டு, தப்பு நடக்கப் போகுதான்னு கவனிங்கன்னு சொன்னாங்க. வீடியோவுல எந்தத் தப்பும் கிடையாது. ஆனா கண்ணு எங்க போகுதுன்னு மெஷின் வச்சுப் பாத்தா அதிகமா நின்னது கறுப்பினப் பையன் மேல. அதுல கறுப்பின ஆசிரியர்களும் இருந்தாங்க, அதனால இது நல்லவங்க கெட்டவங்க விஷயம் இல்ல. யார அதிகமா பாக்குறோமோ அவனோட தப்பு தான் அதிகமா மாட்டும்.

அதுக்கு முந்தின வருஷம் ஸ்டான்ஃபோர்ட்ல ஜேசன் ஒகொனோஃபுவா, ஜெனிஃபர் எபர்ஹார்ட் ரெண்டு பேரும் ஆசிரியர்களுக்கு ஒரே மாணவனோட ரெண்டு சின்னத் தப்ப எழுதிக் காட்டினாங்க, பேர மட்டும் மாத்தி, கறுப்பினப் பேரு, வெள்ளைக்காரப் பேருன்னு. முதல் தப்புல பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டாவது தப்புல கறுப்பினப் பேரு இருந்தா கோவமும் தண்டனையும் கூடுச்சு, இவன் பிரச்சினைக்காரன்னு தோணுறதும் கூடுச்சு. உங்க ஸ்டாஃப் ரூம் பேச்சு இதே தான், அந்த "அப்படித்தான்"ங்குற வார்த்தை ரெண்டாவது தப்புல வந்து உக்காரும். நான் இப்ப யாரையாவது ரெண்டாவது தடவை கூப்பிட்டா முதல் சம்பவத்த பேசவே மாட்டேன்.

ஒகொனோஃபுவாவும் கூட இருந்தவங்களும் 2016ல கலிஃபோர்னியாவுல அஞ்சு நடுநிலைப் பள்ளியில கணக்கு ஆசிரியர்களுக்கு சின்னதா ஒரு ஆன்லைன் பயிற்சி குடுத்தாங்க. பையன் ஏன் அப்படி நடந்துக்குறான்னு அவன் பக்கத்துல இருந்து யோசிக்கிறது, மரியாதை குறையாம கண்டிக்கிறது, அவ்வளவு தான். அந்த வருஷத்துல அந்தப் பயிற்சி இல்லாத ஆசிரியர்களோட பிள்ளைங்கள்ல நூத்துக்கு 9.6 பேரு சஸ்பெண்ட் ஆனாங்க, பயிற்சி வாங்கினவங்களோட பிள்ளைங்கள்ல 4.8 தான். பாதிக்குப் பாதி!

இன்னொரு ஆய்வு 2017ல வந்தது, ஏழைக் கறுப்பினப் பசங்களுக்கு மூணாவதுல இருந்து அஞ்சாவதுக்குள்ள ஒரே ஒரு கறுப்பின ஆசிரியர் கிடைச்சாலே பள்ளிய விட்டு நிக்கிற வாய்ப்பு 39 சதவீதம் குறையுதுன்னு. அந்த மாதிரி ஆசிரியர்கள் ஏன் இவ்வளவு கம்மின்னா, 1954ல தனித்தனி பள்ளி செல்லாதுன்னு தீர்ப்பு வந்தப்புறம் தென் மாநிலங்கள்ல கறுப்பினப் பள்ளிகள மூடி, சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களுக்கு வேலை போச்சு. பிள்ளைங்கள சேத்துக்கிட்டாங்க, வாத்தியார சேத்துக்கல. நீங்க மீனவப் பையனா மாற முடியாது அக்கா, ஆனா பாம்பன் அண்ணன் மாதிரி ஒருத்தர மாசத்துக்கு ஒருக்கா கிளாஸுக்குக் கூப்பிடலாம்ல?

விளையாட்டு சார்

எல்லாம் சரி, ஆனா கண்டிப்பும் வேணும் டீச்சர். நான் தொண்டி பக்கம் உடற்கல்வி ஆசிரியர். ரொம்ப எளகிப் போனா பசங்க அத மதிக்க மாட்டாங்க, பாவம் பாக்குறாங்கன்னு நெனச்சு இன்னும் விலகுவாங்க. கண்டிப்புன்னா அடி இல்ல, அது 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுலயே தடை, மனசு நோகப் பேசுறதுக்கும் சேத்துத்தான் தடை. நான் சொல்றது, ஹோம்வொர்க் கேக்கணும், எல்லாருகிட்டயும் கேக்கணும். மீனவப் பையன்னு விட்டுக் குடுத்தா உன்னால முடியாதுன்னு சொல்றதுக்கு சமம். எங்கிட்ட கபடி ஆடுறவன்ல முக்காவாசி கடக்கரைப் பசங்க, அஞ்சரைக்கு வரச் சொன்னா அஞ்சு மணிக்கே நிக்கிறானுங்க.

தங்கச்சிமடம் அம்மா

டீச்சரம்மா எம்மகன் ஒம்பதாவது படிக்கிறான் வேற ஸ்கூலு. நான் பாசி எடுக்கப் போவேன், தண்ணி வத்துற நேரம் பாத்து தான் போகணும் அது நம்ம சொல்றபடி இல்ல. ஸ்கூல்ல மீட்டிங்கு காலைல பதினோரு மணின்னு வைப்பாங்க நான் கடலுக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிப்பேன். வரலன்னா அம்மாவுக்கு அக்கற இல்லன்னு சொல்றாங்களாம், மகன் வந்து சொன்னப்ப அழுகையே வந்துருச்சு. ஃபோன் அடிச்சாலே என்ன தப்பு பண்ணானோன்னு பயம் தான், நல்லா படிச்சான்னு சொல்ல ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. நீங்க ஒரு தடவ நல்லதுக்கும் கூப்பிடுங்கம்மா. அவன் போட்டுக்குப் போக வேணாம்னு தான் நான் பாசி எடுக்குறேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

அன்புள்ள டீச்சருக்கு, நான் இராமேஸ்வரம் தீவுலயே பல வருஷம் பணி செஞ்சவன். வெளிநாட்டு ஆய்வெல்லாம் படிச்சேன், நல்ல விஷயம். நம்ம தீவுலயே இதுக்கு முன்மாதிரி இருக்கு. அப்துல் கலாம் தன் சுயசரிதையில எழுதியிருக்கார். தொடக்கப் பள்ளியில புதுசா வந்த ஆசிரியர் ஒருத்தர், தொப்பி போட்ட முஸ்லிம் பையன் கோயில் குருக்கள் மகன் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு அவர கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டாரு. அந்தக் குருக்கள், லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரக் கூப்பிட்டு பிஞ்சு மனசுல விஷத்த விதைக்காதீங்கன்னு கண்டிச்சாரு.

அதே பையன அறிவியல் ஆசிரியர் சிவசுப்ரமணிய ஐயர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாரு. ஆச்சாரமான வீடு, அவர் மனைவி பரிமாற மறுத்துட்டாங்க. ஐயர் மனைவிகிட்ட கோவிச்சுக்கல, தானே பரிமாறி பையன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாரு, அடுத்த வாரமும் வரச் சொன்னாரு, தயங்கின பையனுக்குத் தைரியம் சொன்னாரு. அடுத்த தடவ அந்த அம்மாவே பரிமாறினாங்க. பறவை எப்படிப் பறக்குதுன்னு கரும்பலகையில வரைஞ்சு புரியலன்னதும் பிள்ளைங்கள கடக்கரைக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டினவரும் அவரு தான். கலாமோட அப்பா படகு வச்சிருந்தவர்ங்குறத மறந்துடாதீங்க, அவரும் கடக்கரைப் பையன் தான்.

உங்களுக்கும் கடல் பக்கத்துலயே இருக்கு, மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பல வருஷம் அந்த நிறுவனத்தோட தலைமையகமே மண்டபத்துல தான் இருந்துச்சு. முறையா கடிதம் எழுதி அனுமதி வாங்கிப் பசங்கள கூட்டிட்டுப் போங்க. அப்பா பிடிக்கிற மீன உக்காந்து படிக்கிற வேலை ஒன்னு இருக்குன்னு அவன் நேர்ல பாக்கட்டும். பத்தாவதுக்கு மேல படிக்க வீட்டுல தயங்கினா தமிழ்ப் புதல்வன் திட்டத்தச் சொல்லுங்க, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பையன் கல்லூரிக்குப் போனா மாசம் 1000 ரூபா, 2024ல இருந்து குடுக்குறாங்க. பல வீட்டுல இன்னும் அது பொண்ணுங்களுக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

அறிவியல் டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரிஜிஸ்டரப் பாத்தேன் அண்ணா, நீங்க சொன்னது அப்படியே இருக்கு, செவ்வாயும் வியாழனும் தான் அதிகம். டெஸ்ட்ட வெள்ளிக்கு மாத்திட்டேன், ஹோம்வொர்க் எல்லாருகிட்டயும் கேக்குறதுன்னும் முடிவு பண்ணிட்டேன். தங்கச்சிமடம் அம்மா சொன்னது மனசுல அப்படியே நிக்குது. ஃபோன்ல மட்டும் போதாது, வீடுகளுக்கு நேர்ல போகணும்னு ஆசை, ஆனா தனியா ஒரு பொம்பள டீச்சர் எப்பப் போனா அவங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருக்கும்?

பாம்பன்காரன்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போங்க டீச்சர். சனிக்கிழமை போன போட்டு ஞாயிறு காலைல வந்துரும், பூசை முடிஞ்சு, அப்பா தூங்கி எந்திரிச்சு வலை பாத்துக்கிட்டு வாசல்லயே இருப்பாரு, அம்மாவும் இருப்பாங்க. மதியத்துக்கு முன்னாடி வேணாம், சாப்பாட்டு நேரத்துல போனா சாப்பிடாம விடமாட்டாங்க, அவங்களுக்குச் செலவு. கூட ஒரு பையன வழி காட்டக் கூட்டிக்கோங்க, கிளாஸ்ல வாயே திறக்காதவனா பாத்துக் கூட்டிட்டுப் போங்க. ஹூஸ்டன் தங்கச்சி சொன்ன மாதிரி கிளாஸுக்கு வர நான் ரெடி, கோர்ட்டு லீவு நாளாப் பாத்து ஹெச்.எம். கிட்ட கேட்டுச் சொல்லுங்க.