தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெளியாளாகப் போய் கோல்ஃப் ஆடியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த்காரன்:
இந்தியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பலரும் கேட்பது இதுதான்: உறுப்பினராக இல்லாமல் கோல்ஃப் கிளப்பில் ஆட விடுவார்களா? தாராளமாக விடுவார்கள். முன்கூட்டியே போன் போட்டு நேரம் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமையும், பல இடங்களில் புதன்கிழமையும் உறுப்பினர்களின் போட்டி நடக்கும். செவ்வாய், வியாழனில் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும்.

கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். உறுப்பினர் ஒருவர் கூட்டிப்போனால் குறைவு. வேறு கிளப்பில் பதிவு இருந்தால் கொஞ்சம் கூடுதல். எங்குமே பதிவு இல்லாதவருக்குத்தான் அதிகம். அதனால் ஹேண்டிகேப் சான்று (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். காலர் வைத்த சட்டை கட்டாயம். சென்னை மச்சான் ஒருவர் ஜீன்ஸோடு வந்து நின்றார், கடைக்கு ஓடிப்போய் வேறு பேன்ட் வாங்க வேண்டியதாயிற்று.

கரும்புத்தோட்டப் பேத்தி:
அண்ணா, டர்பனுக்கு வடக்கே இருக்கும் மவுண்ட் எட்ஜ்கோம் கிளப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு மைதானங்கள், ஒன்று வுட்ஸ், இன்னொன்று லேக்ஸ். குடியிருப்பு வளாகத்துக்குள் இருப்பதால் வாசலில் காவலர்கள் விவரம் கேட்பார்கள், அடையாள அட்டையை எடுத்துப் போங்கள்.

அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் கரும்புக்காடு. 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் வந்ததிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கரையோரத் தோட்டங்களில் உழைத்தன. என் தாத்தாவின் அப்பா கரும்பு வெட்டியது எட்ஜ்கோமில்தான். அப்பாவை அழைத்துக்கொண்டு ஆடப் போனேன். அவர் மட்டையைத் தொடவே இல்லை. வண்டியில் உட்கார்ந்தபடி, "இந்தப் பக்கம்தான் வரிசை வீடுகள், அதோ அங்கே ஆலை" என்று காட்டிக்கொண்டே வந்தார். என் ஆட்டம் எப்படிப் போனது என்பதே எனக்கு நினைவில்லை. பக்கத்தில் கூலிக்காரர் காலத்துப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஆட வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போனால் எனக்கு மகிழ்ச்சி.

சென்னையிலிருந்து வந்தவன்:
ஒன்பது ஹோல் (குழி) முடிந்து பாதி ஆட்டம் ஆனதும் எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். ஹாஃப்வே ஹவுஸ் என்று அதற்கென்றே ஓர் இடம் உண்டு. இது எனக்குப் புதுசு, ரொம்பப் பிடித்தும் போனது. கூட ஆடிய முன்பின் தெரியாத மூவரோடு அங்கேதான் நன்றாகப் பழக முடிந்தது. ஆனால் வண்டியில் வாழைப்பழம், பிஸ்கட் எதையும் திறந்து வைக்காதீர்கள். குரங்குகள் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துப் போய்விடும்.

ஒரு சந்தேகம் அண்ணா. கேடி (மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் உதவியாளர்) வைத்துக்கொள்ள வேண்டுமா?

சாட்ஸ்வொர்த்காரன்:
கட்டாயமில்லை தம்பி, ஆனால் நான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கடல் காற்று எந்தப் பக்கம் பந்தை இழுக்கும், கிரீன் (குழியைச் சுற்றியுள்ள புல்தரை) எங்கே சரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கூலி எவ்வளவு என்று கிளப்பின் கடையான புரோ ஷாப்பிலேயே கேட்டுக்கொண்டு ரொக்கமாகக் கொடுங்கள். ஹாஃப்வே ஹவுஸில் அவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

நம் டர்பன் இந்திய கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம் கேடியாக இருந்து வந்தவர்தான். வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்து, எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாக மட்டையைப் பிடிப்பார். அந்தப் பிடியை வைத்தே நெதர்லாந்தின் டச்சு ஓப்பன் போட்டியை 1959, 1960, 1964 என்று மூன்று முறை வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். ஆனால் அது நிறவெறி ஆட்சிக் காலம், இந்தியர் என்பதால் கிளப்புக்குள் விடவில்லை, மழையில் வெளியே நின்றுதான் கோப்பையை வாங்கினார். 1965-இல் உலகப் புகழ்பெற்ற வெள்ளையர் வீரர் கேரி பிளேயரையே தோற்கடித்து அதே போட்டியை மறுபடி வென்றார். அடுத்த சில ஆண்டுகளில் அவருக்குப் பெரிய போட்டிகளில் ஆடவே தடை. எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லும்போது பெரியவர்கள் குரல் மாறிவிடும். இன்று அதே கிளப்பில் நாம் போன் போட்டு நேரம் கேட்கலாம். கட்டணம் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் ஒரு முறையாவது ஆடுங்கள். மணல்மேடுகளுக்கு நடுவே போகும் முதல் சில ஹோல்களே கொடுத்த காசுக்குத் தகும்.

கரும்புத்தோட்டப் பேத்தி:
எந்த மாதம் வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, வெயிலும் இதம். கோடையில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும், அதனால் காலையிலேயே ஆடி முடித்துவிடுங்கள். ராயல் டர்பன் கோல்ஃப் கிளப்பில் ஆட நினைப்பவர்கள் பந்தய நாள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், அந்த மைதானம் கிரேவில் குதிரைப் பந்தயத் திடலுக்கு நடுவில் இருக்கிறது. ஜூலை முதல் சனிக்கிழமை அங்கே டர்பன் ஜூலை பந்தயம், அந்த வாரம் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.