முகாமில் கைக்கருவியால் எடுத்த விழித்திரைப் படத்தை நம்பலாமா?

கருங்கல்காரன்:
அம்மாவுக்குச் சுகர் வந்து 14 வருஷம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கண் முகாம். பழைய வீடியோ கேமரா மாதிரி ஒரு கருவி, பின்னால் செல்போன் மாட்டியிருந்தது, அதைக் கண்ணருகே பிடித்து இரண்டு கண்ணையும் படமெடுத்தார்கள். வலது சரி, இடதுக்கு மட்டும் ‘படம் தெளிவில்லை’ என்று சீட்டு. அம்மா ‘அப்போ ஒண்ணுமில்லன்னுதானே’ என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டார். நம்பி விட்டுவிடலாமா, திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணுமா?

கண் டெக்னீசியன், மார்த்தாண்டம்:
தம்பி, ‘தெளிவில்லை’ என்றால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். சுகரால் விழித்திரை கெடுகிற நோய் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வெளிச்சமான மண்டபம், கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து விட்டிருக்க மாட்டார்கள், வயதாக ஆகக் கண் பாப்பா சின்னதாகும், சுகர் இருந்தால் இன்னும் சின்னது. புரை தொடங்கியிருந்தாலும் படம் பனி மூடினது போல வரும். கருவியைக் குறை சொல்ல மாட்டேன். பெங்களூரு ரெமிடியோ கம்பெனியின் ஃபண்டஸ் ஆன் ஃபோன் என்கிற இப்படிப்பட்ட செல்போன் கருவியை நானே பிடித்திருக்கிறேன், நரம்புத் தட்டும் (பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடம்) மேக்குலாவும் (கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி) சேர்ந்து 45 டிகிரி தெரியும், சுகரால் வருகிற ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகூட மாட்டும். ஆனால் விழித்திரையின் ஓரங்கள் அதில் வராது. மேக்குலாவில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க ஓசிடிதான், அதாவது விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டினது போலக் காட்டுகிற ஸ்கேன்.

தக்கலை அக்கா:
எங்க வீட்டுக்காரருக்கும் இதே சீட்டுதான் கொடுத்தார்கள், ரேஷன் கார்டு கவருக்குள் செருகி ஒன்றரை வருஷம் மறந்தோம். அப்புறம் உள்ளே ரத்தம் கசிந்து லேசர் வரைக்கும் போச்சு. மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், பைக்கில் கூட்டிப் போகாதே மக்கா, குடை எடுத்துக்கோ.

நாகர்கோவில் பையன்:
2018இல் டியூக் பல்கலைக்கழகத்தில் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கருவியையே (கண்ணால் வருகிற மங்கலைத் திருத்தி விழித்திரையை மிக நுணுக்கமாகப் படமெடுப்பது) கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருக்கிவிட்டார்களே, விழித்திரையில் நிறத்தை உணர்கிற கூம்புச் செல்களே தனித்தனியாகத் தெரியுமாம். முகாமுக்கு அது வந்தால் திருநெல்வேலிப் பயணமே வேண்டாமே?

கண் டெக்னீசியன், மார்த்தாண்டம்:
அது பார்ப்பது துளியூண்டு இடம். வயலில் ஒரு நெல்மணியை லென்ஸ் வைத்துப் பார்க்கிற மாதிரி. இவருடைய அம்மாவுக்கு முழு வயலையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கணும். பாப்பாவை விரித்து டாக்டர் பார்க்கட்டும், வலது கண்ணையும் சேர்த்து.

கருங்கல்காரன்:
சரிண்ணே. வியாழக்கிழமை கிளம்புகிறோம். ‘ஆட்டை யார் பார்ப்பா’ என்பதுதான் இப்போது வீட்டில் சண்டை.