இடுப்பு முறிவு: கொழும்பில் கூடவா, ஊரில் குறைவா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
எங்கள் பிளட்டில் ஓர் அம்மம்மா பாத்ரூம் வாசலில் சறுக்கி விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிப் போனேன். வலது கால் இடதைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. மகன் பதறிப்போய்த் தூக்கி இருத்தப் பார்த்தார். நல்ல காலம், கீழ்வீட்டில் இருக்கும் ரிட்டயர் பண்ணின நேர்ஸ் மிஸ் வந்து, “இடுப்பு முறிஞ்சிருக்கு, அசைக்காதேங்கோ, 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ” என்று அதட்டினார். ஒப்பரேசன் முடிந்து இப்போது வோக்கர் பிடித்து நடக்கிறார்.

நான் எழுத வந்தது அதுக்குப் பிறகு நடந்ததை. பார்க்க வந்த சனம் அத்தனையும் ஒரே கதைதான்: “டைல்ஸ் போட்ட கொழும்பு வீட்டில இருந்தால் இப்பிடித்தான். ஊரில எங்கட அப்பம்மா 90 வயசிலும் முற்றம் கூட்டினவ, ஒண்டும் முறியேல்ல.” கேட்கக் கேட்க எரிச்சல். ஊரில் விழுந்து படுக்கையாகி, ஆறு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்த பாட்டிமாரை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்களை ‘வயசு போய்ச் செத்தவ’ கணக்கில் எழுதிவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதையில் கொஞ்சமாவது உண்மை இருக்குமோ என்ற யோசனையும் போகவில்லை. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

வார்ட் மிஸ்:
அரசாங்க ஆஸ்பத்திரியில் எலும்பு வார்ட். எது என்று கேட்காதீர்கள்.

எந்த மாவட்டத்தில் கூட முறிகிறது என்று எங்கள் வார்ட்டை வைத்துச் சொல்லவே முடியாது. முல்லைத்தீவில் விழுந்த அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுவருவார்கள். டிக்கட் (நோயாளியின் வார்ட் பதிவு) எழுதும்போது விலாசம் கேட்டால் கொட்டாஞ்சேனையில் இருக்கும் மகளின் வீட்டைத்தான் சொல்வார்கள், கிளினிக் வர லேசு என்று. இன்னொருவர் வருசக்கணக்காகப் பம்பலப்பிட்டியில் இருப்பார், அடையாள அட்டையில் இன்னும் யாழ்ப்பாணம். அப்புறம் ட்ரான்ஸ்பர்: அங்கே ஒரு டிக்கட், இங்கே ஒரு டிக்கட், முறிந்தது ஒரே இடுப்பு. கவனமில்லாமல் எண்ணினால் இரண்டு பேர்.

வராதவர்களின் கதை வேறு. தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்பு மூட்டுக்குக் கிட்ட ஒடுங்கின இடம், முறிந்து ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றால் சிலர் நொண்டி நொண்டி நடப்பார்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு, முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டுப் போட்டு, அது விலகின பிறகுதான் எக்ஸ்ரேக்கு வருவார்கள். வராமலே போகிறவர்களும் உண்டு. அவர்களுடைய ஊர் கணக்கில் ‘எலும்பு பலமான ஊர்’ ஆகிவிடும்.

தெகிவளை பிசியோ:
மிஸ் சொன்னது சரி. வயசையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இளசுகள் எல்லாம் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய், கிழடுகள் மட்டும் மிஞ்சின ஊரில் ஆயிரம் பேருக்கு இத்தனை என்று எண்ணினால் எண் கூடத்தான் வரும். ஒரே வயசுக்காரரை ஒரே வயசுக்காரரோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

தரையைத் திட்டுகிறவர்கள் வீட்டு மருந்துப் பையையும் ஒருக்கால் கொட்டிப் பாருங்கள். நித்திரைக் குளிசை, பிரஷர் குளிசை, ஒரே மருந்தை இரண்டு டொக்டர்மார் இரண்டு பெயரில் எழுதினது... இரவில் சலத்துக்கு எழும்பும்போது தலை சுற்றுவது அதனால்தான் இருக்கும். கண் புரையும் உண்டு. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பச் சொல்லிப் பாருங்கள், முடியாதவர் விழக்கூடிய ஆள். ஊரில் குந்தி எழும்பித் திரிந்தவர் பிளட்டுக்கு வந்து நாள் முழுக்க டிவி முன்னால் இருந்தால் தொடைச் சதை கரைந்து போகும். கொழும்பைக் குறை சொல்வதென்றால் நான் இதற்குத்தான் சொல்வேன், டைல்ஸுக்கு இல்லை.

ஒஸ்லோ மச்சாள்:
பிறந்தது பம்பலப்பிட்டி, இப்போது நோர்வேயில் முதியோர் இல்லத்தில் வேலை. உலகத்திலேயே இடுப்பு முறிவு ஆகக் கூடின இடங்களில் ஒன்று ஒஸ்லோதான். அதே நோர்வேயின் நாட்டுப்புறத்தில் குறைவு. எல்லாருக்கும் ஆளடையாள எண் இருப்பதால் ஆளை மாறி இரண்டு தரம் எண்ணும் பிரச்சினை இங்கே பெரிதாக இல்லை. 2005இலிருந்து இடுப்பு முறிவுக்கென்றே தனிப் பதிவேடும் இருக்கிறது. ஆகவே நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணின பிழை என்று தள்ளிவிட முடியாது.

பனியில் சறுக்கி விழுவதாலே என்று மாமி போனில் முடிவு சொல்லிவிட்டார். பனி நாட்டுப்புறத்திலும்தானே கொட்டுகிறது, அதோடு முக்கால்வாசிப் பேர் விழுவது வீட்டுக்குள்ளே, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையில். வெயில் குறைந்தால் விற்றமின் டி குறையும் என்பது உண்மை, ஆனால் அது மட்டும் என்றால் அமெரிக்காவை என்ன செய்வது? 65 வயசு தாண்டிய வெள்ளைக்காரப் பெண்களை வைத்து 1990இல் வந்த ஆய்வில், வெயில் கொளுத்தும் தெற்கு மாநிலங்களில்தான் முறிவு கூட. வறுமைக்கும் அதில் தொடர்பு தெரிந்தது. பிரித்தானியாவிலும் ஸ்கொட்லாந்தில், வட அயர்லாந்தில் எலும்பு முறிவு கூட, லண்டன் பக்கம் குறைவு. பட்டணம் என்றாலே கூட என்றும் சொல்ல ஏலாது, பாருங்கோ. லண்டனில் எங்கட ஆட்களும் ஆப்பிரிக்க ஆட்களும் நிறைய, அவர்களுக்கு வெள்ளையரைவிட முறிவு குறைவு. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வவுனியா பெடியன்:
எல்லாரும் எங்கே கூட முறியும் என்றே கதைக்கிறீர்கள். முறிந்த பிறகு எங்கே இருக்கிறோம் என்பதுதான் எங்களைக் கொன்றது. அம்மா விழுந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். அங்கே ஒப்பரேசன் இல்லை. காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, கட்டில் கிடைக்கும்வரை வைத்திருந்து, பெரிய இடத்துக்கு அனுப்பினால் அங்கே தியேட்டர் லிஸ்டில் காத்திருப்பு. அதற்குள் முதுகில் படுக்கைப் புண், நெஞ்சில் சளி. இங்கிலாந்தில் 36 மணித்தியாலத்துக்குள் ஒப்பரேசன் என்று இலக்கு வைத்து வேலை செய்கிறார்கள். வெள்ளவத்தை அம்மம்மாவுக்கு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், அவர் இன்று நடக்கிறார். அம்மா திரும்பி நடக்கவே இல்லை. அம்மாவின் எலும்பு ஊர் எலும்புதான் அண்ணை, பிரயோசனம்?

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
தம்பி, வாசித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஒரு சின்னத் தகவல், தெரியாதவர்களுக்கு: ஃப்ராக்ஸ் என்று இணையத்தில் ஒரு கணிப்பான் இருக்கிறது, ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்டது. வயசு, நிறை, உயரம், முன்னம் முறிந்ததா, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, ஸ்டீரொயிட் எடுக்கிறாரா என்று கேட்டு, அடுத்த பத்து வருசத்தில் முறியும் வாய்ப்பைச் சொல்லும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் இல்லாமலும் போட்டுப் பார்க்கலாம். இலங்கைக்குத் தனி உண்டு, மாவட்டத்துக்குத் தனி இல்லை. யாழ்ப்பாணமோ கொழும்போ, கேள்விக்கு ஒரே பதில் கொடுத்தால் ஒரே விடை.

வார்ட் மிஸ்:
அம்மம்மாவுக்கு எலும்புக்கு மருந்து எழுதினார்களா? பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பினதோடு முடிந்தது என்று நினைக்கிற ஆட்கள்தான் அதிகம். ஒரு பக்கம் முறிந்தவருக்கு மற்றப் பக்கம் முறிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடுத்த கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். கிழமைக்கு ஒரு குளிசை எழுதினால், காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு, பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, தேத்தண்ணியும் கூடாது. அதுதான் எல்லா அம்மாமாரும் சண்டை பிடிக்கிற இடம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள், பல்லுப் பிடுங்குகிற யோசனை இருந்தால் அதையும்.